ஏகமனதாக நிறைவேறியது

பூங்காக் குழுவில் ஏழு பேர். ஏழு பேரும் சம்பளம் வாங்காத தொண்டர்கள். வாய்க்கு மட்டும் குறைவில்லை. அவர்களுக்கு அறிவிப்பு அடிக்க, நாற்காலி போட, பேசியதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வைக்க, நகராட்சி கொடுத்திருந்த ஒரே ஆள் டைப்பிஸ்ட் அம்மா.

எழுதி வைக்க ஏதாவது முடிவு செய்தால்தானே! பெஞ்சுக்குப் பச்சை அடிப்பதா நீலம் அடிப்பதா என்று பதினான்கு மாதமாகப் பேசினார்கள். பல் டாக்டர் பச்சை. ரிட்டையர்டு தலைமையாசிரியர் நீலம். தீர்ப்புச் சொல்ல வேண்டிய தலைவரோ முன்னாள் நீதிபதி. "இது ஆழமா யோசிக்க வேண்டிய விஷயம்" என்று ஒத்திவைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். குறட்டை வரும் அளவுக்கு ஆழம்.

பெஞ்சு கிடக்கட்டும். ஊஞ்சல்?

சங்கிலி துருப்பிடித்து இற்றுப்போய்விட்டது என்று டைப்பிஸ்ட் அம்மா மூன்று கூட்டங்களில் சொல்லிப் பார்த்தாள். "அஜெண்டாவுல இல்லையேம்மா" என்றார் தலைவர். நாலாவது கூட்டத்துக்கு முந்தின நாள் சங்கிலி அறுந்து ஒரு சின்னப் பெண்ணுக்குக் கை முறிந்தது. மறுநாள் குழு கூடி, குழந்தைக்கு அனுதாபத்தை வாயால் தெரிவிப்பதா, கடிதமாக அனுப்புவதா என்று ஒன்றரை மணி நேரம் விவாதித்துக் கலைந்தது.

டைப்பிஸ்ட் அம்மா புத்தகத்தைத் திறந்தாள். 'எல்லா ஊஞ்சல்களையும் உடனே மாற்றுவது என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது' என்று எழுதினாள். ஒரு வாரம் கழித்து, அதன் கீழே தலைவரின் கையெழுத்தையும் அவளே போட்டாள்.

நகலை நகராட்சித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினாள். ஆணையர் கையெழுத்தோடு அனுமதி வந்தது. ஊஞ்சலும் மாறியது.

ருசி கண்ட பூனை சும்மா இருக்குமா? பூட்டிக் கிடந்த கழிப்பறை திறந்தது. குழாயில் தண்ணீர் வந்தது. சக்கர நாற்காலி ஏறச் சரிவுப் பாதை வந்தது. ஒன்றரை வருடத்தில் முப்பத்தோரு தீர்மானங்கள், அத்தனையும் ஏகமனதாக. உறுப்பினர்களுக்குச் சந்தேகமே வரவில்லை. தான் வராத கூட்டத்தில் மற்றவர்கள் முடிவு செய்திருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். வெளியில் தானே சாதித்ததாகச் சொல்லிக்கொண்டார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தலைமை அலுவலகத்திலிருந்து கண்காணிப்பாளர் வந்தார். பூங்கா மூலையிலிருந்த குழு அறைக்குள் நுழைந்ததும், உட்காரக்கூட இல்லை.

"தீர்மானப் புத்தகத்தை எடுங்க."

டைப்பிஸ்ட் அம்மா அதை மேஜைமேல் எடுத்து வைத்தாள்.

அவர் பையிலிருந்து ஒரு தாளை உருவினார். தன் வீட்டு வாசல் மரத்தை வெட்டச் சொல்லிப் பூங்காக் குழுத் தலைவர் தன் கைப்பட எழுதிக் கொடுத்திருந்த மனு. அதைப் புத்தகத்தின் பக்கத்தில் வைத்து, மூக்கு முட்டக் குனிந்து இரண்டு கையெழுத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"போன மாசம் இருபதாம் தேதி தலைவர் கண் ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில படுத்திருந்தாரு. விசாரிச்சுட்டேன். அன்னைக்கு எப்படிம்மா இங்க வந்து கையெழுத்து போட்டாரு?"

அவளுக்கு ரிட்டையர் ஆக இன்னும் இரண்டு வருடம். வீட்டில் படுத்த படுக்கையாகக் கணவர். நாக்கு நுனிவரை ஒரு பொய் வந்தது. முப்பத்தொன்று சொன்னவளுக்கு முப்பத்திரண்டாவது ஏனோ உதட்டைத் தாண்டவில்லை.

"நான்தான் சார் போட்டேன். எல்லாமே நான்தான். ஒரு குழந்தைக்குக் கை ஒடைஞ்சும் இவங்க..." டைப்ரைட்டரைத் தன் பக்கம் இழுத்தாள். "ராஜினாமா லெட்டர் இப்பவே அடிச்சுத் தந்துடட்டுமா சார்?"

கண்காணிப்பாளர் நிமிர்ந்தார். போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். ஜன்னல் வழியே ஒருமுறை எட்டிப் பார்த்தார். டைப்பிஸ்ட் அம்மாவுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"இவ்வளவு கச்சிதமா வர எத்தனை நாள் பழகினீங்க?"

"ஒ... ஒரு வாரம் சார்."

"ஒரே வாரமா!"

நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"எங்க ஆணையரும் எதுலயும் கையெழுத்து போட மாட்டாரும்மா, உங்களுக்கு வந்த முப்பத்தோரு அனுமதியிலயும் போட்டது நான்தான், ஆனா அவரு கையெழுத்தோட கடைசிச் சுழி மட்டும் எனக்கு வரவே மாட்டேங்குது, கொஞ்சம் சொல்லிக் கொடுங்க."