அடுப்புச் சாமி கேக்

புருஷன் தங்கதுரை விட்ட அறையில் கோமளாவின் உதடு கிழிந்திருந்தது. அன்றைக்கென்று பார்த்து அவள் அண்ணன் வருவதாகப் போன் செய்திருந்தார்.

“நீ பாத்ரூம்ல வழுக்கி உழுந்துட்டே. போன தடவ மாதிரி நானே சொல்லிக்கறேன். குறுக்க பேசுனீன்னா மிச்சப் பல்லும் இருக்காது.”

வாசலில் வண்டி நின்றது. கோமளா ஓவனிலிருந்து எடுத்த, பசை போல இழுபடும் ஒட்டரிசி மாவு கேக்கைப் பெரிய துண்டாக நீட்டினாள்.

“சூடா சாப்பிடுங்க.”

அவன் முழுசாக வாயில் திணித்தான்.

அண்ணன் உள்ளே வந்தார். “ஏங்கண்ணு, உதட்டுல ரத்தம்? என்னாச்சுங்க மாப்ள?”

தங்கதுரைக்குப் பல்லோடு பல் ஒட்டிக்கொண்டது. உறுமத்தான் முடிந்தது.

கோமளா எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணன் விட்ட குத்தில் தங்கதுரை சுவரில் மோதிச் சரிந்தான்.

“இதென்ன கேக்கு கண்ணு?”

“எங்க கம்பெனிக்கு மெஷின் மாட்ட வந்த சீனாக்காரர் சொல்லிக் குடுத்ததுங்கண்ணா. ஊட்டு விசயத்த மேலோகத்துல பெரிய சாமிகிட்டப் போய்ச் சொல்லக்கூடாதுன்னு, அவங்கூர்ல அடுப்புச் சாமி வாயில இதத்தான் அப்புவாங்களாம்.”