இரண்டரை அங்குலம்

முந்நூறு கத்தியும் தேறாது என்று வீராசாமி சொன்னதும் சூப்பர்வைசர் சுரேஷ்பாபு சிரித்துவிட்டான்.

“இன்னா பெருசு, ஆடு வெட்டுற கத்தியா இது? ஸ்பாஞ்சு. அடிச்சா கொசுகூட சாவாது. பாஸ் முத்திரைய போடு, கேட்டாண்ட கன்டெய்னர் நின்னுக்கினு கீது.”

சாகாதுதான். அது வீராசாமிக்கும் தெரியும். தடா ரோட்டோரத்து அந்த ஷெட்டில் ஐந்து மாதமாக அவர் இந்தக் கத்திகளைத்தான் தன் தொடையில் அடித்து அடித்துப் பார்க்கிறார். ஸ்பாஞ்சுக்குள் இருக்கும் குழாய் சதையில் தட்டுப்பட்டால் தள்ளுபடி. இல்லாவிட்டால் பாஸ்.

அறுபத்தெட்டு வயதில் இப்படி ஒரு பிழைப்பு.

வாங்குகிறவர்கள் கடல் தாண்டி இருந்தார்கள். மீசை முளைத்த ஆம்பிளைகளாம். ஞாயிற்றுக்கிழமையானால் மைதானத்தில் கூடி, மார்பில் கவசம் கட்டிக்கொண்டு, ஸ்பாஞ்சுக் கத்தியால் அடித்துக்கொள்வார்களாம். தலையில் அடிக்கக் கூடாது. ஓங்கி அடிக்கக் கூடாது. கையில் பட்டால் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டு, கை போய்விட்டதாகப் பாவனை செய்ய வேண்டும். காலில் பட்டால் மண்டி போட வேண்டும்.

ஆட்டம் முடிந்ததும் போன கை கால் எல்லாம் திரும்பி வந்துவிடும்.

ஆபீஸ் வேலை செய்யும் மோனிகா இந்தச் சட்டங்களைத் தமிழில் சொன்ன அன்று வீராசாமி காறித் துப்பினார். கவசத்தின் ஓரம் விரலைக் கீறக் கூடாதாம். “கீறினா ஆத்தாகிட்ட போய் அழுவானுங்களா?” என்று கேட்டார். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கத்தி முனையின் அகலம் இரண்டரை அங்குலத்துக்குக் குறையக் கூடாது, குறைந்தால் கண்குழிக்குள் போய்விடும் என்ற சட்டத்தை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

அதைப் பார்க்க ஓர் இரும்பு வளையம் கொடுத்திருந்தார்கள். முனை அதற்குள் நுழைந்தால் கத்தி கழிவு.

இந்த லோடுக்கு சுரேஷ்பாபு மலிவான ஸ்பாஞ்சு வாங்கியிருந்தான். முனையெல்லாம் நோஞ்சானாக வந்திருந்தது. காலையிலிருந்து வளையத்தைக் காணோம்.

“வளையம் எங்கடா?”

“எனக்கு இன்னா தெரியும்? அளக்காமயே கொறச்சல்னு எப்படி சொல்லுவ? முத்திரைய போடு. முடியலன்னா நாளைல இருந்து பஸ் ஏறாத, ஊட்லயே கெட.”

கத்திக்கு உறை தைக்கும் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

வீராசாமி எப்போதும் போட்டிருக்கும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்.

புரை ஆபரேஷன் செய்த கிழவன் என்றுதான் ஷெட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

நகரியில் விசைத்தறி ஓட்டியபோது நூலோடு குறுக்கே ஓடும் நாடாக்கட்டை எகிறி வந்து அடித்த கண் அது. தறிக்கார முதலாளி ஆஸ்பத்திரி வரைக்கும் ஆட்டோ பிடித்துக் கொடுத்தார். திரும்பி வருவதற்குள் அந்தத் தறியில் வேறு ஆள் நின்றான்.

குவியலிலிருந்து ஒரு கத்தியை உருவினார். வலது கண் இருந்த குழியில் முனையை வைத்து அழுத்தினார். தொங்கிய இமையையும் இழுத்துக்கொண்டு அது உள்ளே போய் உட்கார்ந்தது.

சுரேஷ்பாபு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வீராசாமி கத்தியை எடுக்கவில்லை. இன்னொரு கையால் மேஜையில் கிடந்த முத்திரையை அவன் பக்கம் தள்ளினார்.

“இங்க பாத்து, பாஸுன்னு நீயே போடு.”