பதினாறு பேர் குடிக்காத கிண்ணம்

அன்றைய திருவிருந்தில் பதினாறு பேர் கிண்ணத்தைத் தொடவில்லை.

சின்னச் சபை. எல்லோருக்கும் ஒரே கிண்ணத்தில் திராட்சரசம். பீடத்தின் முன் வரிசையாக முழங்கால் போடுவார்கள். போதகர் ஒருவருக்குக் கொடுப்பார், விளிம்பைத் துணியால் துடைப்பார், அடுத்தவருக்கு நீட்டுவார்.

அன்று முதல் ஆளாக முழங்கால் போட்டவன் ஒரு வெல்டர். யார் என்ன நினைப்பார்கள் என்ற விவரம் தெரியாதவன். ஜெயிலிலிருந்து வந்து ஒன்பது நாள்தான் ஆகிறது. பட்டறைச் சண்டையில் கூட வேலை பார்த்தவனைச் சுத்தியலால் அடித்தான். அடிபட்டவன் செத்துப்போனான்.

வெல்டர் குடித்தான். பக்கத்து ஆள் உதட்டை இறுக்கிக்கொண்டார். அதற்கடுத்தவரும் அப்படியே. கிண்ணம் கடைசிவரை போய், போனபடியே திரும்பி வந்தது.

ஆராதனை முடிந்ததும் பின்னறையில் சபைச் செயலாளர் போதகரைப் பிடித்துக்கொண்டார்.

“ஐயா, அவன் வாய் வச்சதை நாங்க எப்படிக் குடிக்கிறது?”

“துடைச்சேனே.”

“துடைச்சாப் போற கறையா அது? எனக்கொண்ணும் இல்லை. நான் பெரிய மனசுக்காரன்தான். ஆனா செத்தவனைப் பெத்த வயிறு இதே சபையில இருக்கு. அது எரியாதா?”

“அவங்ககிட்டக் கேட்டீங்களா?”

“இதையெல்லாமா போய்க் கேப்பாங்க?”

வெல்டர் வாசலில்தான் நின்றிருந்தான். எல்லாம் காதில் விழுந்தது. செயலாளர் குரலைத் தாழ்த்துகிற ஆள் இல்லை.

போதகர் வெளியே வந்தார். அவன் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

“தம்பி, தப்பா எடுத்துக்காதே. கொஞ்ச நாளைக்குக் கடைசி ஆளா வா. எல்லாரும் குடிச்ச பிறகு.”

“உள்ளே எனக்கு நம்பர்தான்யா பேரு. வெளியே கொலைகாரன். ஜெயில் தண்ணித் தொட்டியில முக்கி ஞானஸ்நானம் கொடுத்து, இனிமே நீ தேவனோட பிள்ளைன்னு நீங்கதான் சொன்னீங்க. அன்னிக்குத்தான் பயமில்லாமத் தூங்கினேன்.”

“இப்பவும் பிள்ளைதான்ப்பா.”

“கடைசிப் பந்திப் பிள்ளையா?”

போதகர் கிண்ணம் துடைத்த துணியை மடிக்கத் தொடங்கினார்.

“இங்கேயும் இல்லைன்னா எனக்கு எங்கேயும் இல்லைய்யா. போயிட்டு வரேன்னு சொல்ல மாட்டேன். போறேன்.”

செருப்பை மாட்டினான்.

கிண்ணம் கழுவுகிற அம்மா அப்போதுதான் தண்ணீர் வாளியோடு வந்தாள். வருஷக்கணக்காகக் கழுவுகிறாள், பீடத்துணி துவைக்கிறாள். திருவிருந்துப் பந்திக்கு மட்டும் வந்ததில்லை. கடைசிப் பெஞ்சோடு சரி.

“செருப்பைக் கழட்டுப்பா. உள்ளே வா.”

அவளைப் பார்த்ததும் அவன் தலை தொங்கிப்போனது. மறுபேச்சில்லாமல் வந்தான்.

“ஐயா, கிண்ணத்துல மிச்சம் இருக்கா?”

“அப்படியே இருக்கும்மா.”

“எனக்குக் கொடுங்க.”

போதகர் விழித்தார். “நீங்க பந்திக்கே வர்றதில்லையேம்மா?”

“ஒருத்தன் மேல அவ்வளவு வெறுப்பை வச்சுக்கிட்டு எப்படிக் குடிக்கிறது? அதான் வரலை. இன்னிக்குப் பதினாறு பேரும் வாயை மூடினதைப் பார்த்தேன். நான் இருக்கிற லட்சணமும் இதுதானேன்னு இருந்துச்சு.”

செயலாளர் குறுக்கே வந்தார். “அம்மா, அதுல அவன் வாய் வச்சிருக்கான்.”

“தெரியும்.”

வெல்டரிடம் கேட்டாள். “எந்தப் பக்கம்ப்பா குடிச்சே?”

அவன் காட்டினான்.

அந்த இடத்திலேயே வாய் வைத்துக் குடித்தாள். பிறகு கிண்ணத்தைச் செயலாளரிடம் நீட்டினாள்.

“நீங்களும் குடிங்க. என்னைச் சாக்குச் சொல்லாதீங்க.”

செயலாளர் குடித்தார். குடிக்காமல் என்ன செய்வார்? நீட்டியது செத்தவனின் அம்மா.