பிரைமர் படாத இடம்

"கையை எடு! கையை எடு!"

சீனி முகம்மது போட்ட சத்தத்தில் மனைவி ஆசியா பீவி பிடித்திருந்த சாப்பாட்டுத் தூக்கு ஆடியது. துருவையெல்லாம் தேய்த்து எடுத்து, வெறும் தகரமாகப் பளபளத்த கார்க் கதவில் அவள் அசதியோடு கை ஊன்றி நின்றிருந்தாள். டத்தோ கிராமாட் சாலை வெயிலில் நடந்து வந்த கை, வியர்த்திருந்தது.

"ஏன், என் கையில விஷமா இருக்கு?"

"உப்பு இருக்கு. வெறுந்தகரத்துல கை பட்டா, மேல எத்தனை பெயின்ட் அடிச்சாலும் உள்ளேருந்து துரு கிளம்பும் லா. அதான் கிளவுஸ் போடாம நானே தொடமாட்டேன்."

"என் கைபட்டுத் துரு கிளம்புதாம்! கதை விடாதீங்க. பேசாம இந்தக் கெரேத்தாவையே கட்டிக்கிட்டிருக்கலாம் நீங்க." காரைக் காட்டி முறைத்தாள்.

பட்டறைக்குள்ளிருந்து கூட்டாளி சிக்கந்தர் சிரித்தான். "கட்டிக்கலாம்க்கா. ஆனா அது சமைச்சுப் போடாதே!"

அவள் தூக்கை டக்கென்று மேசைமேல் வைத்துவிட்டுக் கிளம்பினாள். வாசலில் திரும்பிப் பார்த்தபோது, அவர் தின்னரில் நனைத்த துணியைக் கையில் எடுத்திருந்தார். அவள் தொட்ட இடத்தைத் துடைக்கத்தான். அதுவும் அவளுக்குச் சுருக்கென்றது.

அன்று மாலை அசர் தொழுகைக்குப் போனவர், பள்ளிவாசலில் கைகால் கழுவி வுளூ செய்த இடத்திலேயே சரிந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் முன்பே மூச்சு நின்றிருந்தது.

கணவனை இழந்தவள் காக்கும் நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருந்தாள் ஆசியா பீவி. முதல் வேலையாக வளையல்களையும் கல்யாண மோதிரத்தையும் கழற்றினாள். அவருடையதென்று எடுத்து வைக்க ஒரு மோதிரம்கூட இல்லை. தகரம் தேய்க்கும் கிரைண்டர் விரலோடு இழுத்துக்கொள்ளும் என்று அவர் மோதிரமே போட்டதில்லை. சட்டைகளையும் கைலிகளையும் உறவுக்காரர்கள் துவைத்து மடித்துவிட்டார்கள், வாசம்கூட மிஞ்சவில்லை.

அவர் கை பட்டது ஏதாவது ஒன்று, பட்டது பட்டபடி இருக்காதா என்று வீடெல்லாம் தேடினாள். இல்லை.

இத்தா முடிந்ததும் நேராகப் பட்டறைக்குப் போனாள். மகள் அமீராவுக்கென்று அவர் புதுப்பித்துக்கொண்டிருந்த கார், அதே மூலையில் நின்றது. கதவு முழுக்க, பெயின்டுக்கு முன்னால் அடிக்கும் சாம்பல் நிறப் பிரைமர். நடுவில் மட்டும் ஒரு சதுரத்துக்குப் பேப்பர் வைத்து, ஓரமெல்லாம் டேப் ஒட்டியிருந்தது.

"அண்ணே ஒட்டினது. நீங்க வரட்டும்னு நான் பிரிக்கலக்கா." சிக்கந்தர் கிளவுஸை மாட்டிக்கொண்டு டேப்பை மெல்ல உரித்தான்.

உள்ளே மங்கிய வெறும் தகரம். அதன்மேல், விரல்கள் விரித்தபடி, கருஞ்சிவப்புத் துருவில் ஒரு கை.

ஆசியா பீவி கதவருகே குனிந்தாள். "அவரு கை…"

"அக்கா—"

"தேய்ச்சிராதே தம்பி. இதுமேல பெயின்ட் அடிக்காதே. எனக்கு வேற எதுவும் வேணாம், இது ஒண்ணு போதும்."

அந்த விரல்களை நோக்கி அவள் கை நீண்டது. தொடப் போனவள் சட்டென்று இழுத்துக்கொண்டாள். உப்பு.

சிக்கந்தர் தலையைக் குனிந்தபடி சொன்னான். "கிளவுஸ் போடாம அண்ணே தகரத்தைத் தொட்டு நான் பார்த்ததே இல்லக்கா. அன்னைக்கு நீங்க போனதும் துணியைக் கீழ போட்டுட்டாரு. துடைக்கல. 'நாளைக்கு வந்து அவளே பாக்கட்டும், அப்பதான் நம்புவா'ன்னு ஒரே சிரிப்பு. இந்த இடத்துக்கு மட்டும் பேப்பரை ஒட்டிட்டு மத்ததுக்குப் பிரைமர் அடிச்சாரு."

அவள் அவனையே பார்த்தாள். பிறகு கதவைப் பார்த்தாள். அந்தக் கையின் நான்காம் விரலடியில், துரு ஏறாமல் மெல்லிய கோடு ஒன்று வளைந்திருந்தது.

சிக்கந்தர் தொடாமல் சுட்டிக் காட்டினான்.

"இந்தக் கையில மோதிரம் அப்படியே இருக்குக்கா."