கோணல் பம்பர்

மாடல் காரின் அடிப்பக்கத்தில் பொறித்திருக்கும் ஆண்டுதான் அது பிறந்த ஆண்டு என்று மனிதகுலம் நெடுங்காலமாக நம்பி வருகிறது. தவறு. அது அச்சு வெட்டிய ஆண்டு. அதே அச்சில் இருபது வருஷம் கழித்தும் கார் வார்ப்பார்கள். ஆண்டை மட்டும் மாற்ற மாட்டார்கள்.

அரியலூரில் இந்த உண்மைக்காகக் குரலை உயர்த்தக்கூடியவர்கள் இரண்டு பேர். ஒருவர் கெமிஸ்ட்ரி வாத்தியார் மரிய ஆல்பர்ட். இன்னொருவர் அவருடைய நண்பர் கோகுலகிருஷ்ணன். செந்துறையில் பேங்க் உத்தியோகம். துண்டு துண்டாகப் பெட்டியில் வரும் பழைய பிளாஸ்டிக் கார்களைத் தேடிப்பிடித்து, இன்ன வருஷத்து வண்டி என்று கண்டுபிடித்து, ஒட்டி உயிர் கொடுப்பது இருவருக்கும் பொழுதுபோக்கு. பொழுதுபோக்கு என்று சொன்னால் இருவருக்கும் கோபம் வரும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மலர்கொடி செந்துறையிலிருந்து ஆல்பர்ட்டைத் தேடி வந்தார். மகளுக்குப் பாடம் எடுத்த வாத்தியார் என்ற உரிமை. பையிலிருந்து ஒரு பச்சைக் காரை எடுத்து மேஜைமேல் வைத்தார். கூரை உருகி, சீட்டோடு ஒட்டிக் கிடந்தது.

“சூடா இருந்த இஸ்திரிப் பெட்டியை இதுமேல வச்சிட்டேன் சார். வூட்டுக்காரர் லாரி ஓட்டுனப்ப பர்மா பஜார்ல வாங்கி, அவரே ஒட்டுனது. வண்டி ஓட்டுறதை விட்டப்புறம் இது ஒண்ணுதான் அவருக்கு. காலையில இதைக் கையில எடுக்காம டீ குடிக்க மாட்டார்.”

“இப்ப எங்க அவரு?”

“திருச்சியில மக வூட்டுல. சக்கரம் ஆடுது, சார்கிட்ட கொடுத்திருக்கேன்னு போன்ல சொல்லி வச்சிருக்கேன். வரதுக்குள்ள பழையபடி ஆகணும் சார். துளி வித்தியாசம் தெரியக்கூடாது. தெரிஞ்சா மனுசன் ஒடிஞ்சு போயிடுவார்.”

அருகில் உட்கார்ந்திருந்த கோகுலகிருஷ்ணன் காரைப் புரட்டினார். “அடியில அறுபத்தொன்பதுன்னு இருக்கு. ஆனா பானட்டுல மேடு இருக்கே!”

“முதல்ல வந்ததுல பானட் தட்டை. இது எண்பதுகள்ல மறுபடி விட்டது,” என்றார் ஆல்பர்ட்.

இருவரும் ஒரே நேரத்தில் அலமாரியைப் பார்த்தார்கள். அங்கே அதே கார், அதே வெளியீடு, மேலே சுற்றிய கண்ணாடித் தாளைக்கூடப் பிரிக்காமல் பெட்டியோடு இருந்தது. கோகுலகிருஷ்ணன் எத்தனையோ வருஷமாகக் கேட்டும் ஆல்பர்ட் தொடவிடாத பெட்டி.

“வேணாம்யா,” என்றார் கோகுலகிருஷ்ணன்.

ஆல்பர்ட் மலர்கொடியை வாசல்வரை கொண்டுபோய் விட்டார். அங்கே நின்று இருவரும் மெல்ல ஏதோ பேசினார்கள். கோகுலகிருஷ்ணன் காதில் அது விழவில்லை. அவருடைய கவனமெல்லாம் அலமாரியில்.

அடுத்த ஞாயிறு போனபோது பெட்டி பிரிந்து கிடந்தது. கோகுலகிருஷ்ணன் அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். மேஜைமேல் கிடந்த ட்யூபைத்தான் பொறுக்க முடியவில்லை.

“என்னய்யா இது, பஞ்சர் சொல்யூஷனா?”

“ஆமா. அவரு இதாலதான் ஒட்டியிருக்காரு.”

புதிய காரின் பானட்மேல் மிளகு அளவில் ஒரு சொட்டு காய்ந்திருந்தது. முன் பம்பர் ஒரு பக்கம் சரிந்திருந்தது. போதாததற்கு, டாஷ்போர்டை அறுத்து ஸ்டியரிங்கை வலது பக்கம் வைத்திருந்தார்.

“யோவ், அமெரிக்கக் கார்யா! ஸ்டியரிங் இடது பக்கம்!”

“அந்தம்மா வூட்டுக்காரரு ராசாங்கம் இடது பக்கம் உக்காந்து ஓட்டுனதே இல்லையாம்.”

“அந்த மனுசன் தெரியாமப் பண்ணாரு. நீ தெரிஞ்சே பண்ற. பொக்கிஷத்தைப் பிரிச்சதும் இல்லாம நாசமும் பண்ணிட்டியே! ஒழுங்காக் கட்டிக் கொடுத்தா அவரு வேண்டாம்னா சொல்லப்போறாரு?”

ஆல்பர்ட் காதில் வாங்கவில்லை. உருகிய காரை ஒரு கையிலும் புதியதை மறு கையிலும் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, இரண்டு பம்பர்களையும் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார். ஜெபம் செய்கிறார் போலிருக்கிறது என்று கோகுலகிருஷ்ணன் நினைத்தார். செய்த பாவத்துக்குச் செய்ய வேண்டியதுதான் என்றும் நினைத்தார்.

கண்ணைத் திறந்த ஆல்பர்ட், பம்பரை இன்னும் ஒரு நூல் கோணலாக்கினார்.

“நாளைக்கு ஆபீஸ் போறப்ப இதை அவங்க வூட்டுல கொடுத்துடுய்யா.”

கோகுலகிருஷ்ணன் வாங்கிக்கொண்டார். வீட்டுக்குப் போனதும் படம் எடுத்து, மாடல் கார்க்காரர்களின் வாட்ஸப் குழுவில் போட்டார். ‘நம்ம ஆல்பர்ட் சார் கைவண்ணம். இனிமே யாரும் இவர்கிட்ட வண்டி கொடுத்துடாதீங்க.’ சிரிப்பு முகங்கள் வந்து குவிந்தன.

மறுநாள் காலை செந்துறையில் மலர்கொடிதான் கதவைத் திறந்தார். உள்ளே, முந்தின ராத்திரி திருச்சியிலிருந்து வந்திருந்த ராசாங்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“யாரு மலரு?”

“வாத்தியாரோட சிநேகிதருங்க. காரைக் கொண்டாந்திருக்கார்.”

ராசாங்கம் கையை நீட்டினார், கோகுலகிருஷ்ணன் இல்லாத பக்கமாக. மலர்கொடி அந்தக் கையைப் பிடித்துத் திருப்பி, காரை அதில் வைத்தார்.

“சர்க்கரையில கண்ணு ரெண்டும் போயிடுச்சுங்க,” என்றார் ராசாங்கம், சாதாரணமாக.

அவருடைய கட்டைவிரல் பானட் சொட்டில் போய் நின்றது. ஜன்னல் வழியாக உள்ளே நுழைந்து ஸ்டியரிங்கைத் தொட்டது. பம்பரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெதுவாகப் போனது.

ராசாங்கத்தின் நெற்றி சுருங்கியது.

“ஏங்க, பம்பர் அப்படியே கோணலாத்தானே இருக்கு? இதை நிமித்தக்கூடத் தெரியலையா உங்க வாத்தியாருக்கு?”

கோகுலகிருஷ்ணன் கோணல் பம்பரையும் அதன்மேல் நின்ற கட்டைவிரலையும் பார்த்தார்.

“தெரியலைங்க.”

“சரி, விடுங்க. மலரு, டீ கொண்டா.”

பேங்க் ஷட்டர் திறப்பதற்குள் வாட்ஸப் குழுவில் அந்தப் படம் இருந்த இடத்தில், ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்றிருந்தது. அதற்குக் கீழே சிரிப்பு முகங்கள் மட்டும் அப்படியே இருந்தன.