இரண்டு பக்கமும் அழுத்த வேண்டும்

ஒரு முனை இறங்கியது. மறுமுனை எழும்பியது.

அவன் இடது கட்டைவிரலை நகர்த்தி மறுமுனையை அழுத்தினான். இப்போது இந்த முனை எழும்பியது.

ஒரு சாண்கூட இல்லாத பச்சை அட்டை. கம்ப்யூட்டருக்குள் மாட்டும் ரேம்.

பதினேழு வருடம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் இருந்தவன் குழந்தைவேலு. பேச்சு வாடிக்கையாளரிடம் இருக்கும். கை தன்பாட்டில் இதை மாட்டி முடித்திருக்கும்.

இரண்டு கையும் வேலை செய்த காலத்தில்.

பக்கவாதம் வந்து எட்டு மாதம் ஆகிறது. வலது கை மடியில் கிடக்கிறது. கொசு உட்கார்ந்தாலும் தெரிவதில்லை.

சிபியு பெட்டியைத் தரையில் படுக்க வைத்திருந்தான். மூடியைக் கழற்றவே அரை மணி நேரம் ஆனது. நான்கு திருகில் ஒன்று கட்டிலுக்கடியில் உருண்டு போனது. அதை விட்டுவிட்டான்.

சாந்தாமணி காய் வாங்கப் போயிருந்தாள். அவள் வருவதற்குள் முடித்துவிட வேண்டும்.

அவன் படுத்த பிறகு வீட்டை ஓட்டுவது அவள்தான். பனியன் கம்பெனிகளுக்கு இந்தக் கம்ப்யூட்டரில் எம்பிராய்டரி டிசைன் போட்டுக் கொடுக்கிறாள். பெரிய டிசைனைத் திறந்தால் அப்படியே நின்றுவிடுகிறது. நேற்று ரேம் வாங்கி வந்தாள். நாளைக்குப் பெட்டியை ஆட்டோவில் வைத்துக் கடைக்குக் கொண்டுவருவதாக ஃபோனில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவனிடம் கேட்கவில்லை.

கேட்கிற மாதிரி அவன் நடந்துகொள்ளவும் இல்லை. போன மாதம் சட்டைப் பொத்தான் போட வந்தவளின் கையைத் தட்டிவிட்டான். "தொடாத. கூப்பிட்டா வா" என்று கத்தினான்.

அன்றிலிருந்து அவள் கூப்பிடாமல் வருவதில்லை.

அவன் கூப்பிடவும் இல்லை. சட்டை போடுவதையே விட்டுவிட்டான்.

வலது கையை இடது கையால் தூக்கி அட்டையின் மறுமுனைமேல் வைத்தான். வழுக்கி விழுந்தது.

மறுபடி வைத்தான்.

விழுந்தது.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அறைக்கு வெளியே வந்து நின்றுவிட்டது.

அவன் திரும்பவில்லை. காய்ப் பையைக் கை மாற்றிக்கொள்ளும் சரசரப்பு. நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்பாள்.

வர மாட்டாள்.

நெற்றி வியர்வை உள்ளே சொட்டிவிடக் கூடாதென்று தலையைப் பின்னுக்கு இழுத்தான்.

"சாந்தா."

"சொல்லுங்க."

வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"அந்த முனைய நீ அமுக்கு. நா இந்தப் பக்கம் அமுக்கறேன்."

அவள் பையை வைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கட்டைவிரலை வைத்தாள்.

"ஒடஞ்சறாதுங்ளா?"

"ஒடையாது. நல்லா அமுக்கு. ரண்டு பேரும் ஒண்ணா."

டக்.

இரு பக்கத்துக் கொக்கிகளும் தாமாக மூடிக்கொண்டன. அவள் விரலை உடனே எடுக்கவில்லை.

அவன் சொல்லச் சொல்ல ஒயர்களைச் சொருகினாள். சுவிட்சைப் போட்டாள். நேற்றுவரை திறக்காத மயில் டிசைன் முழுதாகத் திறந்தது. தோகையில் ஒரு கண்ணைப் பெரிதாக்கிப் பார்த்தாள், சுருக்கினாள், பெரிதாக்கினாள். எங்கும் நிற்கவில்லை.

"மூடியப் போட்டறலாமுங்ளா?"

அவன் பெட்டிக்குள் குனிந்து பார்த்தான். ஃபேன் இறக்கைகளில் தூசி கெட்டியாகப் படிந்திருந்தது.

"இருக்கட்டும். நாளைக்கு ஃபேனக் கழட்டித் தொடச்சு மாட்டோணும்."

அவள் மூடியை எடுத்துக் கட்டிலோரம் சாய்த்து வைத்தாள்.

பிறகு, சர்வீஸ் கடைக்கு ஃபோன் செய்யும் வாடிக்கையாளரைப் போலக் கேட்டாள்.

"எத்தன மணிக்கு வரட்டுங்க?"