போர்டுல என்ன போடட்டும்?

மோமோ கடை வைக்கலாம் என்று அண்ணன் சொன்னதும் சசிரேகா கையிலிருந்த விளக்குமாற்றைத் தரையில் வீசி எறிந்தாள்.

நாகலூர் பஸ் திரும்பும் இடத்தில், தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. முன்பு உர மூட்டை அடுக்கி வைத்திருந்தார்கள். அண்ணனும் அவளும் அவள் கணவன் ஜீவாவும் காலையிலிருந்து கழுவிக்கொண்டிருந்தார்கள். வாடை இன்னும் போகவில்லை.

என்ன கடை என்பதும் முடிவாகவில்லை. ஏற்காட்டில் பேனர் கடை வைத்திருப்பவர் போன் மேல் போன் அடித்துக்கொண்டிருந்தார். போர்டில் என்ன எழுத வேண்டும் என்று சொன்னால்தான் அவர் அச்சுக்கு ஏற்ற முடியும்.

அண்ணன் கமலக்கண்ணன் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவன். ஏரியைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் எதைக் கேட்டுச் சாப்பிடுகிறார்கள் என்று அவனுக்குத் தெரியும்.

"சேலத்துல இருந்து பாக்கெட்டுல வந்திரும் கண்ணு. ஆவி காட்டிக் குடுத்தாப் போதும். நீ கஷ்டப்படவே வேண்டாம்."

"சோறாக்கறதுல எனக்கென்ன கஷ்டம்? எனக்கு ஆக்கத் தெரியாதா?"

"தெரியாதுன்னு யாரு சொன்னா?"

யாரும் சொன்னதில்லை. அவள் வைக்கிற கொள்ளு ரசத்துக்காகவே சவாரியை முடித்துவிட்டுச் சுற்றுவழியில் வீட்டுக்கு வந்து போகிறவன் அவன். அதனால்தான் அவளுக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

ஜீவா புரோட்டாக் கடை என்றான். ஆத்தூரிலிருந்து ஒரு மாஸ்டர் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாராம். அவர் வாசலில் நின்று கல்லில் போடட்டும், நான் கல்லாவில் உட்கார்ந்துகொள்கிறேன் என்றான்.

"நானு?"

"நீ உள்ள சால்னாவப் பார்த்துக்கோ சசி. நடுவால ஒரு பிளைவுட் அடிச்சிரலாம். பொகை முன்னால வராது."

தடுப்பு புகைக்காக இல்லை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

"பன்னு, கேக்கு, ஐஸ்கிரீமு, இப்ப மோமோ. நீங்க சொல்றது பூராம் எவனோ எங்கியோ செஞ்சு குடுக்கறது. இல்லாட்டி எவனோ வந்து முன்னால நிக்கறது. ஏனுங்க, என்ற கையி என்ன அழுகியா போச்சு?"

ஜீவா ஈரத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மிளகு மூட்டையோடு பஸ்ஸுக்கு நின்றிருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் போய் ஷட்டரைப் பாதி இறக்கினான். அவள் பின்னாலேயே போய் அதை மேலே தள்ளினாள். கூரை வரைக்கும் தள்ளினாள்.

மறுபடியும் போன் அடித்தது. ஜீவா எடுப்பதற்குள் அவள் எடுத்துவிட்டாள்.

"ஏனுங்க, போர்டுல என்ன போடட்டும்?"

"சாப்பாட்டுக் கடைன்னு போடுங்க."

"சசி..." என்றான் ஜீவா.

அவள் அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். "சோறு, பருப்பு, கொழம்பு, ரசம், பொரியல். அதுக்குக் கீழ, சமையல் சசிரேகான்னு நொம்பப் பெருசாப் போடுங்க. என்ற போட்டோ அனுப்பறேன். அதையும் போடுங்க."

"போட்டோவுங்களா?"

"ஆமாங்க. யாரு சமைக்கறாங்கன்னு ஒருத்தரும் உள்ள வந்து கேக்க வேண்டாம். ரோட்டுல போறப்பவே தெரியட்டும்."

பேசி முடித்துவிட்டுப் போனை ஜீவாவிடம் நீட்டினாள்.

அண்ணன் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தான். அப்புறம் அவன் பேசியபோது கெஞ்சுகிற குரலாக இருந்தது.

"சரி, உன்ற இஷ்டம். ஆனா முட்டையும் வெச்சுக்க கண்ணு. அவிச்சு, ஓட்டோடவே வெச்சிரு. அதுன்னா யாரும் வேண்டாங்க மாட்டாங்க."

அவன் அதைப் பாசத்தோடுதான் சொன்னான். அவள் முகத்தில் ரத்தம் ஏறியது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்க அவளுக்கு வேலை கிடைத்தது. அந்த ஊர்ப் பெயரை இப்போது வீட்டில் யாரும் சொல்வதில்லை.

முதல் நாள் பிள்ளைகள் தட்டை நீட்டி மறுசோறு கேட்டார்கள்.

மறுநாள் ஊர்ப் பெரியவர்கள் கேட் பக்கம் வந்து நின்று, சமைக்கிறவள் எந்தத் தெருக்காரி என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

அதற்கப்புறம் பிள்ளைகள் எல்லோரும் வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ் கொண்டுவந்தார்கள். அவள் தினமும் ஆக்கினாள். ஆக்கியதைத் தினமும் சாயங்காலம் குழியில் கொட்டினாள். வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வரும்வரை அப்படித்தான் நடந்தது.

முட்டையை மட்டும் பிள்ளைகள் வாங்கிக்கொண்டார்கள். எட்ட நின்று எடுத்துக்கொண்டு போய், தாங்களே உரித்துச் சாப்பிட்டார்கள்.

ஓட்டுக்குள்ளே அவள் கை பட்டிருக்காது அல்லவா.

"வெக்கறேண்ணா," என்றாள் சசிரேகா. "தெனம் வெக்கறேன். உரிச்சு வெக்கறேன்."